வாய் கடைசி

பிப்ரவரி 2

வாயாடியின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நம் வாயாடியும் நலமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் தையல் கோணிப்போகிறது.

நீங்கள் இருவரும் கிளம்பி இருபத்தொரு நாள் ஆகிறது. மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன். "நெஞ்சுப் படத்துல இருந்த நிழல் கரைஞ்சிட்டு வருதும்மா. ஆறு மாசம் முடியட்டும், அப்புறம்தான் விசாவுக்கு சர்டிபிகேட்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உங்கள் இருவரின் விசாவும் காலாவதியாகிவிடும் என்பதால்தான் முன்னால் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு டாக்ஸி திரும்பும்வரை நிற்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அவளுக்குப் பள்ளி கிடைத்ததா? அந்த நாலு வயது வாய்க்கு அங்கே யார் ஈடு கொடுக்கிறார்கள்? என் பக்கத்து மெஷின்காரி, "உன் பொண்ணு வந்தா காது வலிக்கும், இப்ப வராம மனசு வலிக்குது" என்கிறாள். கடைப் போனில் மாதம் மூன்று நிமிடம்தான் நமக்குக் கட்டுப்படியாகும். மீதியை எல்லாம் எழுதுங்கள். ஒன்று விடாமல் எழுதுங்கள்.

நாளைக்கு நாப்பது காலர் தைக்க வேண்டிய,
உங்கள் தையல்காரி

பிப்ரவரி 20

என் தையல்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. நாங்கள் சௌக்கியம்.

எனக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் லாண்டரியில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். குழந்தைக்கு அடுத்த தெருவிலேயே நர்சரி கிடைத்துவிட்டது. காலை ஏழரைக்கு விட்டு மாலை ஐந்துக்குக் கூட்டி வருகிறேன்.

என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். எஸ், நோ, தேங்க் யூ, சாரி. இந்த நாலையும் வைத்துக்கொண்டு முதல் நாள் வாசலில் திருதிருவென்று விழித்தேன். ஆனால் டீச்சர் கெட்டிக்காரி. எனக்குப் புரியவில்லை என்றால் லாண்டரி மேஸ்திரி சத்தத்தைக் கூட்டுவான், எனக்குக் காது மந்தம் என்று அவனுக்கு நினைப்பு. டீச்சர் சத்தத்தைக் கூட்டுவதில்லை, பென்சிலை எடுக்கிறாள். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். அது தினமும் குழந்தையின் பையில் போய் வரும். காலித் தட்டு வரைந்திருந்தால் சாப்பிட்டாள். மூடிய கண் என்றால் தூங்கினாள். நானும் பதிலுக்கு வரைகிறேன். ஒரு நாள் காய்ச்சல் என்று சொல்ல வாயில் தெர்மாமீட்டரோடு குழந்தையை வரைந்தேன். குழந்தை சிகரெட் பிடிக்கிறது என்று நினைத்து டீச்சர் பதறிவிட்டாள்.

நம் சொற்களைக் கேட்டுத் தன் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். தண்ணி, பசி, வலி, போதும். "டன்னி வேனுமா" என்று கேட்கிறாள். பள்ளியில் சேர்க்கும் தாளில், வீட்டில் குழந்தையை எப்படிக் கூப்பிடுவோம் என்று ஒரு கட்டம் இருந்தது. நாங்கள் பேசுவதைக் கேட்டு அதையும் அவளே நிரப்பிக்கொண்டாள். எனக்கு இரட்டைப் பின்னல் வரவில்லை, டீச்சர்தான் போட்டுவிடுகிறாள்.

குழந்தை நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

விரிப்பு மடிக்கும்,
உன்னவன்

மார்ச் 7

வாயாடியின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வரிக்கு வரி டீச்சர். டீச்சர் கெட்டிக்காரி, டீச்சர் வரைகிறாள், டீச்சர் பின்னுகிறாள். என் பெண் கடைசியில் ஒரு வரியில் வருகிறாள், அதுவும் தந்தி அடித்த மாதிரி. "நலம்."

வாயாடி என்ன பேசினாள் என்று ஒரு சொல்கூட இல்லையே? வகிடு எடுக்கும்போது அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வாள், வகிடு கோணிப்போகும், நான் ஒரு குட்டு வைப்பேன். அந்தக் கதையை எல்லாம் இப்போது அந்த அம்மாள்தான் கேட்கிறாளா? அவளுக்கு வயது என்ன? கல்யாணம் ஆனவளா? சும்மாதான் கேட்கிறேன்.

இன்னொன்று. போனில் இந்த மாதமும் குழந்தை தூங்குகிறாள் என்றீர்கள். போன மாதமும் தூங்கினாள். அப்போது அங்கே மாலை ஆறு மணி. ஆறு மணிக்குத் தூங்குகிற பெண்ணை நான் பெறவில்லை.

மாத்திரை வாயெல்லாம் கசக்கிறது. அதனால் கடிதமும் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தையல்காரி

மார்ச் 30

என் தையல்காரிக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். மாத்திரை கசந்தால் மேலே கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொள்.

டீச்சருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மூக்குக்கண்ணாடி, முழங்கால் வலி. திருப்தியா?

ஒரு நாள் காலை என்னை வகுப்பிலேயே உட்காரச் சொன்னாள். வீட்டு ஆள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்குத் தைரியம் வருமாம். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்கால் தாடையில் இடித்தது. பதினெட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் வெவ்வேறு பாஷை. எல்லாருக்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பு.

மத்தியானம் படுக்க வைத்தால் நம் குழந்தை கண்ணை மூடுவதில்லை. வீட்டில் அம்மா என்ன சொல்லித் தூங்க வைப்பாள் என்று டீச்சர் கேட்கிறாள். மெத்தையைக் காட்டி, புடவை கட்டிய பொம்மை ஒன்றை வரைந்து, தன் வாயைத் தொட்டுக் கேட்டாள். எனக்கு அப்போதெல்லாம் மாலை ஷிப்ட், நான் வரும்போது நீங்கள் இருவருமே தூங்கியிருப்பீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? எழுதி அனுப்பு.

டீச்சர் உனக்கென்று ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன்.

உன்னவன்

ஏப்ரல் 14

உங்களுக்கு,

தாளைப் பிரித்தேன். பென்சில் படம். ஒரு பெரிய பெண், ஒரு சின்னப் பெண், கை கோத்து நிற்கிறார்கள். இருவருக்கும் கீழே நாலு எழுத்து. சட்டை லேபிள் தைத்துத் தைத்து இங்கிலீஷ் எழுத்து எனக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. ஏ, எம், எம், ஏ. மெஷினை நிறுத்திவிட்டு எழுத்துக் கூட்டினேன்.

அம்மா.

நான் இன்னும் சாகவில்லை. ஆறு மாத மாத்திரைதான் சாப்பிடுகிறேன். அதற்குள் என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்றா? என் பெண் அவளை அம்மா என்று கூப்பிடுகிறாள், அதை அவள் படம் வரைந்து எனக்கே அனுப்புகிறாள், நீங்கள் தபால்தலை ஒட்டுகிறீர்கள். போனில் ஏன் என்னிடம் பேச வரவில்லை என்று இப்போது புரிகிறது. பேச ஒரு அம்மா அங்கேயே இருக்கும்போது இந்த அம்மா எதற்கு?

ஆமாம், எனக்குப் பொறாமைதான். ஐம்பது வயது, முழங்கால் வலி என்று எழுதினால் போய்விடுமா? அவளுக்கு எழுபது வயதானாலும் எனக்குப் பொறாமைதான்.

தூங்க வைக்கிற சொல் வேண்டுமாமே. கொடுக்காவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வாயைத் தொட்டு "வாய் தூங்குச்சு" என்று சொல்ல வேண்டும். அப்புறம் கண், மூக்கு, கை, வயிறு. கடைசியில் கால். ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கொண்டுபோய்க் கொடுங்கள், அந்த அம்மாவிடம்.

நலம் விசாரிக்க மனமில்லை.

மே 19

என் தையல்காரிக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

அந்தத் தாளில் இருந்த "அம்மா" டீச்சர் இல்லை. நம் குழந்தை.

காலையில் அவளை விடும்போது நான் என்ன சொல்வேன்? "உள்ள போம்மா. அழாதம்மா." மாலையில் "வாம்மா, போலாம்மா." டீச்சர் ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். எல்லாவற்றின் வாலிலும் ஒரே சொல். அதுதான் வீட்டுப் பெயர் என்று முடிவு கட்டிக் கட்டத்தில் எழுதிவிட்டாள். கோட்டு மாட்டும் கொக்கியில், தண்ணீர்க் குவளையில், மெத்தையில் எல்லாம் அதையே எழுதி ஒட்டிவிட்டாள். நீ சொன்ன மாதிரி எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது. அவள் வாயால் கூப்பிடும்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெண் குழந்தையை அம்மா என்று கூப்பிடாத வீடு நம்மில் எது? பாசமாகக் கூப்பிடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை. குழந்தை பேசுவதில்லை. பள்ளியில் முதல் நாளிலிருந்தே ஒரு சொல் இல்லை. பிப்ரவரி முடிவிலிருந்து என்னிடமும் இல்லை. தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள், அவ்வளவுதான். போனில் தூங்குகிறாள் என்று சொன்னபோதெல்லாம் என் பக்கத்தில்தான் நின்றாள். உன் குரல் ரிசீவருக்கு வெளியே கேட்டது. கேட்டுக்கொண்டே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் சொன்னால் வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுவாய் என்று பயந்தேன். பயந்தவன் எழுதுகிற கடிதத்தில் டீச்சரைத் தவிர வேறு யார் வருவார்கள்?

மார்ச் மாதமே டீச்சர் நோட்டில் ஒரு படம் போட்டிருந்தாள். அவள் வாயிலிருந்து அந்த நாலு எழுத்து வருகிறது. குழந்தையின் தலை கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. எனக்கு அது விளங்கவே இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றுதான் விளங்கியது. டீச்சர் "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் நீ வந்துவிட்டாய் என்று குழந்தை கதவைப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் உன் பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துப் போனேன். போட்டோவைத் தொட்டு "அம்மா" என்றேன். குழந்தையைத் தொட்டு "நோ அம்மா" என்றேன். டீச்சர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு லேபிளையும் நகத்தாலேயே சுரண்டி எடுத்தாள். எத்தனை தடவை சாரி சொன்னாள் தெரியுமா? எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் ஒன்று என்பதால் அத்தனையும் புரிந்தது. உன் போட்டோ இப்போது கொக்கிக்குக் கீழே, குழந்தையின் கண்ணுக்கு நேராக இருக்கிறது.

அன்றைய களேபரத்தில் உன் தூக்கச் சொல்லைக் கொடுக்க மறந்துவிட்டேன், அதற்குள் டீச்சர் முழங்கால் சிகிச்சைக்கு லீவில் போய்விட்டாள். ஜூன் ஒன்றாம் தேதி வருகிறாள். வந்ததும் உன் தூக்கச் சொல்லைக் கொடுக்கிறேன். அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

உன்னவன்

மே 31

வாயாடியின் அப்பாவுக்கு,

நலம் பிறகு. இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன்.

அந்தச் சொற்களைக் கொடுக்காதீர்கள். அது தலைகீழ். நான்தான் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன்.

கால்தான் முதலில். "கால் தூங்குச்சு, வயிறு தூங்குச்சு, கை தூங்குச்சு, மூக்கு தூங்குச்சு, கண்ணு தூங்குச்சு. வாய் மட்டும் முழிச்சிருக்கு" என்பேன். அதற்கப்புறம் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், நான் குறுக்கே பேசக் கூடாது. பேசி முடித்ததும் அவளே "வாயும் தூங்குச்சு" என்று உதட்டை இறுக்கிக்கொள்வாள். அது எங்கள் இருவருக்கு நடுவில் மட்டும் இருந்த விஷயம். பின்னல் போயிற்று, பேரும் போயிற்று, இதுவும் அவளுக்குப் போக வேண்டுமா என்று நினைத்தேன். தப்பாகச் சொல்லட்டும், குழந்தை அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மழுப்பவில்லை.

பேசாமல் கிடக்கிற குழந்தையிடம் போய் முதலில் வாயைத் தூங்கச் சொல்லி எழுதியிருக்கிறேனே. எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. நீங்கள் மறைத்தீர்கள், நான் பொய் சொன்னேன். நடுவில் அகப்பட்டவள் அவள்தான்.

கடிதம் தாமதமாக வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

தையல்காரி

ஜூன் 1

என் தையல்காரிக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன். முதலில் இதைப் படி.

டீச்சர் இன்று வந்தாள். காலையிலேயே உன் சொற்களை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மத்தியானம் பள்ளியிலிருந்து லாண்டரிக்குப் போன். மேஸ்திரி என்னவோ கத்தினான், எனக்குப் புரிந்தது "ஸ்கூல்" மட்டும்தான். இடுப்பில் கட்டிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

டீச்சர் என்னை மெத்தை பக்கத்தில் உட்கார வைத்து நடித்துக் காட்டினாள். தாளைப் பார்த்து "வாய் டூங்குச்சு" என்று குழந்தையின் வாயைத் தொட்டிருக்கிறாள். குழந்தை முறைத்திருக்கிறாள். சரியாக உச்சரிக்கவில்லை போல என்று டீச்சர் இன்னொரு தடவை சொல்லியிருக்கிறாள். குழந்தை அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்து ஏதோ சொல்லியிருக்கிறாள். டீச்சர் அதைத் தன் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். எனக்குப் படித்துக் காட்டினாள்.

"வாய் கடசி."

குழந்தையைப் பார்த்து, "என்னம்மா சொன்ன?" என்றேன். "டீச்சருக்கு ஒண்ணுமே தெரியலப்பா. வாய் கடைசி! மொதல்ல கால்!" என்று என்னை அதட்டினாள். அதோடு விட்டாளா? டீச்சரைப் பிடித்து இழுத்து மெத்தையில் படுக்க வைத்து, வலிக்கிற முழங்காலில் ஆரம்பித்து முழுக்கச் சொன்னாள். "வாய் மட்டும் முழிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, டீச்சர் பேசட்டும் என்று காத்திருந்தாள். டீச்சர் அவள் பாஷையில் என்னவோ பேசினாள், அழுதுகொண்டே. பாவம், வாயைத் தூங்க வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சு. நாய்க்கு ஏன் செருப்பு இல்லை என்று மட்டும் ஏழு தடவை.

நீ ஞாபகப்பிசகில் வரிசையை மாற்றி எழுதிவிட்டாய் போலிருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று. நீ சரியாக எழுதியிருந்தால் கேட்டுக்கொண்டே தூங்கியிருப்பாள்.

மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு?

உன்னவன்

ஜூன் 16

வாயாடியின் அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் மெஷினும்.

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் என் ஞாபகப்பிசகின் லட்சணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்து மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். "அழு, ஆனா காலர்ல ஈரம் படாம அழு" என்றாள் சூப்பர்வைசர்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? மூன்று மாதம் கழித்துத் திறந்த வாய் அவளிடமா திறக்க வேண்டும் என்று தோன்றியது. இப்படியும் ஒரு ஜென்மம்.

டீச்சரிடம் நான் செய்ததைச் சொல்லிவிடுங்கள். உங்கள் நாலு சொல்லில் அது அடங்காது. அதனால் நானே படம் வரைந்து வைத்திருக்கிறேன். தையல் மெஷின் முன்னால் நான். என் வயிற்றில் தீ. வயிற்றெரிச்சல் என்று யார் பார்த்தாலும் புரியும்.

உங்கள் தையல்காரி

ஜூலை 4

என் தையல்காரிக்கு,

நலம். வாயாடியும் நலம். என் காதுதான் நலமில்லை.

உன் படத்தைக் கொடுத்தேன். டீச்சர் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. உனக்கு வயிற்றுப் புண் என்று நினைத்துவிட்டாள். உடனே பென்சிலை எடுத்து ஒரு டம்ளர் பால் வரைந்தாள், மிளகாய் வரைந்து அதன் மேல் பெருக்கல் குறி போட்டாள். உனக்குப் பத்தியம்.

"நோ, நோ" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். சுவரில் உன் போட்டோவைத் தொட்டேன். அவள் கையையும் குழந்தையின் பின்னலையும் தொட்டேன். தூக்கச் சொல் எழுதிய தாளைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். திரும்ப உன் வயிற்றுத் தீயைத் தொட்டேன். கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, நீ அனுப்பிய தாளின் பின்பக்கத்திலேயே வரைய ஆரம்பித்தாள்.

அதை இதோடு வைத்திருக்கிறேன். அது மாலை ஐந்து மணி. கதவில் நான் நிற்கிறேன். குழந்தை என்னைப் பார்த்து ஓடி வருகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலி நாற்காலிகளுக்கு நடுவில் கண்ணாடி போட்ட ஒருத்தி தனியாக நிற்கிறாள். அவள் வயிற்றைப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். காரம் சாப்பிடாதே, டீச்சர் உத்தரவு.

உன்னவன்

ஜூலை 21

வாயாடியின் அப்பாவுக்கு,

நெஞ்சுப் படத்தில் நிழல் இல்லை. சர்டிபிகேட் கையில் இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை வந்து இறங்குகிறேன்.

டீச்சரின் படத்தைப் பார்த்தேன். வயிற்றில் சின்னதாக ஒரு தீ போட்டிருக்கிறாள். பதினெட்டுப் பிள்ளைகள் தினமும் ஐந்து மணிக்கு அப்படித்தான் ஓடுவார்கள் போலிருக்கிறது. பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எனக்கு என் வாயும் வயிறுமே வேறு. வாய் அவளை வாழ்த்துகிறது, வயிறு இன்னும் கேட்கிற வழியாக இல்லை.

ஏர்போர்ட்டுக்கு அவளையும் கூப்பிடுங்கள். முழங்கால் வலியோடு நிற்க வைக்காமல் எங்காவது உட்கார வையுங்கள்.

ஒரே ஒரு விஷயம். நான் கதவைத் தாண்டி வெளியே வரும்போது குழந்தை யார் கையையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். உங்கள் கையைக்கூட வேண்டாம். ஏழு மாதம் ஆகிவிட்டது. ஓடி வருவாளோ, நின்று பார்ப்பாளோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் நான் தாங்கிக்கொள்கிறேன். யார் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள் என்பதை மட்டும் நான் பார்க்க வேண்டாம்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் தையல்காரி